சாண்வீட்டார் அனுப்பாத ஒரு வீடு

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலு வரி எழுதுவதற்குள் சொல்ல வந்தது பாதி மறந்துபோகும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்தமபாளையத்தை விட்டு நகராமல் வெள்ளைக்கார நாடு அத்தனையிலும் வீடு கட்டிய ஒரே மனுசர் எங்கள் சாண்வீட்டார்தான். வீடு மட்டுமா? சர்ச்சு, மாட்டுக்கொட்டகை, கிணறு, பாலம் என்று முழு ஊரே கட்டி அனுப்பியிருக்கிறார். என்ன, எதுவும் ஒரு சாணுக்கு மேல் உயரம் கிடையாது.

விஷயம் இதுதான். அந்த நாடுகளில் மீசை நரைத்த ஆம்பளைகள்கூட மேசைமேல் விரல் உயரப் பட்டாளத்தான் பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை விளையாடுவார்களாம். பட்டாளத்தான் ஒளிந்துகொள்ள வீடு வேண்டாமா? அதைத்தான் இவர் ரெசினில் வார்த்து அனுப்பினார். ரெசின் என்பது தேன் மாதிரி ஒழுகுகிற பிசின். மருந்து கலந்து ரப்பர் அச்சில் ஊற்றினால் கல்லாக இறுகிவிடும். அதற்கு முன்னால் அவர் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வழியாக எப்படியோ ஒரு வெள்ளைக்காரர் சிக்கினார். இவர் அவரைத் ‘தொரை’ என்பார். ரெண்டாயிரத்து மூணோ நாலோ இருக்கும்.

தொரை மாதிரிக்கு அனுப்பிய ஈயப் பட்டாளத்தான் ஒருத்தன் எந்நேரமும் சாண்வீட்டாரின் சட்டைப்பையில் இருப்பான். டீக்கடையில் அவனை எடுத்து கிளாஸ் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கவலைப்படுவார்.

“இந்த ஆளு குனியாம நுழையணும்னா நிலை எத்தன தண்டி வைக்கணும்?”

“ஏண்ணே, அவன் முட்டிபோட்டுல்ல துப்பாக்கி பிடிச்சிருக்கான்?”

“எந்திரிக்க மாட்டானா? ஆயுசுக்கும் முட்டியிலயே நிப்பானா?”

டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவார்.

ஒரு தடவை, பழைய வீடுகளின் அளவு பார்க்க டேப்பும் நோட்டுமாகச் சின்னமனூர் போனார். ரோட்டோரத்து வீடுகளை அகலம், உயரம் என்று எழுதிக்கொண்டே நடந்தார். ரோட்டை அகலப்படுத்த ஆபீசர் வந்துவிட்டார் என்று தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் நாற்காலி போட்டார். ஒருத்தர் இளநீர் வெட்டினார். ஒரு பாட்டையா கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, எங்க வீட்ட மட்டும் விட்டுருங்க” என்று கெஞ்சினார்.

இவர் இளநீரைக் குடித்துவிட்டு, “பயப்படாதீக. உங்க வீட்ட நான் வெளிநாட்டுக்கு அனுப்பப் போறேன்” என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விரட்டியிருக்கிறார்கள்.

ஆற்றுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அங்கன வேலைக்கு இருந்தது நானும் ஜமீலாவும். ஜமீலா என்னைவிடச் சின்னவள். அவள் ரெண்டு ஆள் பேச்சைப் பேசுவாள், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அச்சிலிருந்து எடுத்த வீட்டில் காற்றுக்குமிழியால் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். அதைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டியது எங்கள் வேலை.

“ஏத்தா, ஊசி முனை ஓட்டை இருந்தாலும் தொரை திருப்பி அனுப்பிருவாக. ஒண்ணு விடாம அடைச்சிருங்க.” இதைத் தினமும் காலையில் சொல்வார். நாங்கள் அடைக்க அடைக்க, அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு கிறுக்கு. எந்த வீட்டைச் செய்தாலும், அதில் ஆள் குடியிருக்கிறதாகவே நினைப்பார். புகை போக வழி வைப்பார். தொரை கேட்காமலேயே எல்லா வீட்டுக்கும் கொல்லையில் துணி துவைக்கிற கல் வைத்தார். அது என்ன கல் என்று தொரை கேட்டு எழுதினார்.

“அவுக பொம்பளயாளுக எங்கன துவைப்பாக?” என்று இவர் பதில் போடச் சொன்னார்.

அந்தக் கல்லுக்குப் பின்னால் ரெண்டு பட்டாளத்தான் நன்றாக ஒளியமுடிகிறது, இருக்கட்டும் என்று தொரை எழுதிவிட்டார்.

இப்படி இருக்கையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. தொரை ஊரில் பெரிய விளையாட்டுத் திருவிழாவாம். ஒரே மாதிரி நாற்பது வீடு. வெள்ளிக்கிழமை பார்சல் போயாகவேண்டும்.

“இது நல்லபடியா போயிருச்சுன்னா வருசம் பூரா வேலை இருக்குத்தா. தப்பாப் போச்சுன்னா கொட்டகைய மூடிட்டு நான் திரும்பத் தண்ணித்தொட்டிக்குப் போகவேண்டியதுதான். நீங்க களை எடுக்கப் போகவேண்டியதுதான்” என்றார்.

அச்சு எடுக்கிற மூல வீட்டை அவர் வீட்டிலேயே வைத்துப் பத்து நாள் செதுக்கினார். எங்களுக்குக் காட்டவில்லை. “என்ன வீடுண்ணே?” என்று ஜமீலா கேட்டதற்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு “அது ஒரு வீடுத்தா” என்றார். நாற்பதையும் வார்த்து அடுக்கிவிட்டு, “வழக்கம்போலப் பாத்துக்கங்க” என்று சொல்லி, மருந்து வாங்க மதுரைக்குப் போனார். ரெண்டு நாள்.

அடுக்கியிருந்த வீடுகளைப் பார்த்து நாங்கள் நெஞ்சில் கை வைத்தோம். சுவரெல்லாம் ஓட்டை. சுண்டுவிரல் போகிற ஓட்டை. ஒரு மூலையில் சுவரே பாதியோடு நின்றது.

“ஊத்தும்போது ரெசின் பத்தாமப் போச்சுக்கா” என்றாள் ஜமீலா. “பாவம், அவசரத்துல ஊத்திருக்காரு. தொரை பாத்தாகன்னா அவ்வளவுதான்.”

ரெண்டு நாள் சோறு தண்ணீர் நினைப்பில்லாமல் வேலை பார்த்தோம். ஒரு ஓட்டை விடவில்லை. பாதிச் சுவருக்கு ஈர்க்குச்சி நட்டு, பட்டியை வைத்து எழுப்பி, கல்வரிசைகூடக் கீறினேன். நாற்பதும் புதுமனை புகக் காத்திருக்கிற மாதிரி நின்றன. கூரை மட்டும் இல்லை. அதை அவர் வந்து வைப்பார் என்று விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை காலையில் வந்தார். பார்த்தார். பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“என்னத்தா இது?”

“பட்டி பாத்துட்டோம்ணே” என்றாள் ஜமீலா, பெருமையாக.

“அது குண்டு விழுந்த வீடுத்தா.”

நான் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஜமீலா மட்டும் விடவில்லை. “குண்டு விழுந்ததுன்னு சொன்னாத்தானண்ணே தெரியும்? ‘அது ஒரு வீடு’ன்னா?”

“எப்பிடித்தா சொல்றது? வாய் வரலயே” என்று திண்டாடினார். பட்டாளத்தானை எடுத்துச் சுவருக்குப் பின்னால் வைத்தார். “இவன் எதுவழியா சுடுவான்?”

“சன்னல் இருக்குல்ல” என்றாள் ஜமீலா.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். பிறகு ஆக்சா பிளேடை எடுத்தார். நான் எழுப்பிய சுவரில் வைத்தார். கை ஓடவில்லை. மறுபடி வைத்தார். கீழே போட்டுவிட்டார். “இல்லாத சுவர இல்லாமச் செதுக்குனேன், அது வேற. நிக்கிற வீட்ட எப்பிடித்தா இடிக்கிறது?” என்று ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

மணி பத்து. மறுநாள் பார்சல்.

அடைத்தது நான். நானே எழுந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, முதல் வீட்டின் சுவரில் இறக்கினேன். புஸ்ஸென்று கரும்புகை.

முகத்தைத் திருப்பாமல் கேட்டார். “எங்கன விழுந்துச்சு?”

“சமையக்கட்டுலண்ணே.”

“ஐயையோ. ஆளுக?”

எனக்கு என்ன தோன்றியதோ, “குச்சனூர்க் கோயிலுக்குப் போயிருக்காகண்ணே” என்றேன்.

“எல்லாருமா?”

“எல்லாரும். கைப்பிள்ளையவும் தூக்கிட்டு.”

“சரி” என்றார்.

அடுத்த வீடு. “இவுக?”

“கம்பத்துல கல்யாணம்.”

“இவுக?”

“ரேசன் கடையில நிக்கிறாக. வர நேரமாகும்.”

ஜமீலா பிளேடால் மூலைகளை அறுத்துக்கொண்டே வாயைப் பிளந்தாள். “அக்கா, நீயா பேசுற? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். இப்பிடி ஊரையே அழிக்கிறியே!”

நான் நிறுத்தவில்லை. ஒரு குடும்பத்தைத் திராட்சை பறிக்க அனுப்பினேன். ஒரு குடும்பத்தைத் அணைத் தண்ணீர் வருவதைப் பார்க்க லோயர் கேம்புக்கு அனுப்பினேன். ஒரு மாமியார் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனாள், பின்னாலேயே சமாதானம் செய்ய மற்றவர்களும் போனார்கள். வெள்ளைக்கார வீட்டு ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் தேனி ஜில்லாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வெயில் சாய்வதற்குள் முப்பத்தொன்பது வீடு முடிந்தது.

கடைசி வீட்டைக் கையில் எடுத்தேன். ஊசி சிவந்திருந்தது.

“இவுக எங்க போயிருக்காக?”

யோசித்து யோசித்துப் பார்த்தேன். வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

“சொல்லுத்தா.”

“தெரியலண்ணே.”

அப்போதுதான் திரும்பினார். எழுந்துவந்து அந்த வீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “அப்ப உள்ளதான் இருக்காக” என்றார்.

மறுநாள் முப்பத்தொன்பதுதான் பார்சலில் போனது. ஒரு மாசம் போனது. பிறகு தொரையிடமிருந்து பதில் வந்தது. தேனியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பொண்ணு அதைத் தமிழில் படித்துச் சொன்னாளாம். இப்படி நிஜமாகக் கருகிய குண்டு ஓட்டையை யாரும் பார்த்ததே இல்லை, எப்படிச் செய்தீர்கள், இன்னும் அறுபது வேண்டும், ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறதே என்று எழுதியிருந்தார்.

“அந்த ஒரு வீட்ல ஆளுக இருந்தாக, அதான் அனுப்பலன்னு போடுத்தா” என்றாராம் இவர். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டுவிட்டு அப்படியே அடித்திருக்கிறாள்.

தொரை ஒரே வரியில் பதில் போட்டார். அவர்கள் நலமா என்று.

சாண்வீட்டார் அந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை போட்டு, கொட்டகை அலமாரியில் வைத்தார். கொட்டகை இருந்தவரைக்கும் அது அங்கனதான் இருந்தது.

இதில் நான் தப்பாக எழுதியிருப்பேன். ஆர்டர் நாற்பதா ஐம்பதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கல்யாணம் கம்பத்திலா கூடலூரிலா என்பதும் நிச்சயமில்லை. ஜமீலா கலியாணமாகித் திருப்பூர்ப் பக்கம் போனாள். இதைப் படித்தால் அவள் சரிபார்த்துச் சொல்லட்டும். எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது, அன்றைக்கு அவர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னதுதான். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, என்னிடம் யாரும் அத்தனை கேள்வி கேட்டதில்லை.