மோர்மிளகாயும் பச்சைக் கம்பியும்

தப்பு நம் பேரில் இருக்கும்போதுதான் குரல் நன்றாக எழும்பும். இதை நான் கற்றுக்கொண்ட இடம், மாகறல் பக்கம் ஒரு வயல்வெளி. எண்பதுகளின் கடைசி.

உத்திரமேரூரில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். படிப்பு எட்டாவது; மிச்சமெல்லாம் ஷாக் அடித்துக் கற்றது. மாகறல் பக்கத்து ஊருக்குக் குடிதண்ணீர் இறைக்க வெயிலில் ஓடும் பம்பு வந்தபோது, ஒயரிங் வேலை எனக்குக் கிடைத்தது. (அதோடு தலைக்கனமும்.) பம்பைப் பார்த்துக்கொள்ள செங்கேணி என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அந்த வேலைதான் சோறு.

ஆறு மாசம் கழித்து, மழைக்கு முன்னால் எங்கேயாவது கரண்ட் மண்ணுக்குக் கசிகிறதா என்று பார்க்க இன்ஜினியரோடு போனேன். சோலார் பலகைகளைப் படுதாவால் மூடிவிட்டு, மெக்கரை எடுத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் முள் கசிவைக் காட்டும் பெட்டி அது. ஒரு கிளிப் பலகை ஒயரில், இன்னொன்று எர்த்தில். மாவாட்டுகிற மாதிரி சுற்றினேன். முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவில்லை. அந்தப் பெட்டியில் பூஜ்ஜியம் என்றால் முழுக் கசிவு!

படுதா போடும்போது சட்டத்தின் ஓரத்தில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. போதாதா எனக்கு?

"இன்னாம்மா, இது இன்னா உன் வூட்டு மாடியா? உப்புத்தண்ணி உள்ள எறங்கி மொத்தமும் பாழ்!"

"கண்ணாடி மேல வெக்கலண்ணே, ஓரமாத்தான்... நாலு மொளகா."

"நாலோ நாப்பதோ! சார், இந்தம்மா இருக்கிற வரைக்கும் இது உருப்படாது."

இன்ஜினியர் நோட்டைத் திறந்தார். "முழுப் பேர் சொல்லும்மா."

செங்கேணிக்குக் கண் தளும்பிவிட்டது. ஆனால் பார்வை என் மேல் இல்லை, பலகைகளைத் தாங்கும் கம்பத்தின் அடியில் இருந்தது.

"அண்ணே, கோச்சுக்காத. இந்தப் பச்சக் கம்பிய அன்னிக்கு நீதான் கட்டுன. 'மைனஸ மண்ணோட சேத்துட்டேன், சாமியே வந்தாலும் தொடக்கூடாது'ன்ன. நானும் தொடல. நீயே மண்ணோட கட்டி வெச்சிக்கினு, மண்ணுக்குப் போவுது போவுதுன்னு கத்திக்கினு கீறியே?"

சோதிக்கும் முன் கழற்ற வேண்டிய முதல் கம்பி அதுதான். கழற்றினேன். சுற்றினேன். முள் பாய்ந்து மறுகோடிக்குப் போய் நின்றது. கசிவும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்ஜினியர் நோட்டை மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

அப்போதாவது மன்னிப்பு கேட்டேனா? "சும்மா, உனக்கு ஞாபகம் கீதான்னு பாத்தேன்" என்றேன்.

"பாத்துட்டியா?" என்றாள் செங்கேணி. அவ்வளவுதான். கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். "வூட்ல குடுண்ணே." உள்ளே அதே மோர்மிளகாய்.

வீட்டில் உளறித் தொலைத்தேன். இன்றைக்கும் கண்ணாடியைக் காணோம், சாவியைக் காணோம் என்று நான் சத்தம் போட்டால், என் மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்: "மொதல்ல பச்சக் கம்பியக் கயட்டுனியா?" பேரன் வரைக்கும் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் வைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த மன்னிப்பை நான் கடைசிவரை கேட்கவேயில்லை.