எங்கள் மாட்டுப்பட்டியின் கண்டக்டர்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வரைக்கும் கண்டக்டரைப் பிடிக்காத உயிர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நான். மனிதர்கள், மாடுகள், ஆடுகள், எங்கள் வீட்டுக் கடுவன் பூனை, யாரைக் கண்டாலும் உறுமுகிற பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அவர் கட்சி. நான் மட்டும் எதிர்க்கட்சி. அதுவும் கொள்கை, கோட்பாடு எதுவும் இல்லாத, வெறும் வயிற்றெரிச்சலில் நடக்கிற எதிர்க்கட்சி.

கண்டக்டர் என் அக்காவின் கணவர். இரத்தோட்டை ரோட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் பல வருசம் தொங்கிக்கொண்டு வந்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தபோது, மாப்பிள்ளையை மாற்றிவிட்டீர்களா என்று நாலைந்து பேர் அப்பாவிடம் இரகசியமாக விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை.

முதலாளி பஸ்ஸை விற்றதும் கண்டக்டருக்கு வேலை போனது. "ரெண்டு கெழமைக்கு இருந்துட்டுப் போறோம் மாமா" என்று அக்காவையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு கிழமை இரண்டு வருசம் ஓடியது.

எங்களுடையது தேயிலைக்குக் கீழே சரிவில் கிடக்கிற சின்னப் பண்ணை. ஐந்து மாடு, கொஞ்சம் ஆடு, ஒரு துண்டு கினிப்புல், மிளகுக்கொடி ஏறிய கிளிசரியா மரங்கள். மழைக்காலத்தில் அதை நடத்த அப்பாவும் அம்மாவும் நானும் போதும். மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் கதை வேறு. புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். ஆட்டுக்குக் கிளிசரியாக் கொப்பு வெட்டவேண்டும், மாட்டுக்கு ஓடைக்கரையெல்லாம் அலைந்து பச்சை தேடவேண்டும். அந்த வெக்கையில் மனிதருக்கு மனிதர் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். மாடுகளுக்கும் அதே கோபம். மேய்ச்சலிலிருந்து திரும்பிப் பட்டிக்குள் போவதற்குள் வாசலில் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கும். நானும் அப்பாவும் ஆளுக்கொரு கம்போடு தொண்டை வற்றக் கத்துவோம்.

கண்டக்டர் வந்த முதல் நாள் சாயங்காலமும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம். அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். வாசலில் ஒற்றைக் காலில் சாய்ந்தார். பட்டித் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மூக்கால் ஒரு குரல் எடுத்தார்.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட. முன்னுக்கு போங்க, முன்னுக்கு போங்க. உள்ளுக்கு எடம் இருக்கு. வாசல்ல நிக்காதீங்கம்மா."

சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. எந்த மாட்டுக்கு எந்த மொழி புரிந்ததோ தெரியாது. ஐந்தும் வரிசையாக உள்ளே போய்த் தத்தம் இடத்தில் நின்றன. அப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டார்.

"எப்படி மாப்பிள?"

"ஒரு பஸ்ல நூத்தியிருவது பேர ஏத்துனவன் மாமா நான். அஞ்சு மாட்ட ஏத்த மாட்டேனா?"

அன்று இராத்திரிச் சாப்பாட்டில் தயிரின் ஏடு முழுவதும் கண்டக்டர் கோப்பையில் விழுந்தது. எனக்கு வந்ததை வேறு ஒரு வீட்டில் மோர் என்பார்கள். பத்து வருசம் அந்த மாடுகளுக்குச் சாணி அள்ளியவன் நான்.

அதோடு பட்டி பஸ்ஸாகிவிட்டது. சினைமாட்டுக்கு முன்வரிசையில் காற்று வருகிற இடத்தை ஒதுக்கி, "கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனம்" என்றார். வேறு மாடு அங்கே போய்ப் படுத்தால் காதோடு பேசி எழுப்பிவிடுவார். பிண்ணாக்கை வாளியில் போட்டுக் கொடுக்கிற பழக்கமே இல்லை. பழைய டிக்கட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாட்டிடமும் போய், பையிலிருந்து எடுத்துக் கையில்தான் கொடுப்பார். கொடுத்த மாட்டையே திரும்ப வந்து "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்று கேட்பார். அதுவும் எடுக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். நான் பால் கறக்க வாளியோடு போனால் கையை நீட்டி மறிப்பார்.

"இது ஒங்க பஸ் இல்ல மச்சான். அடுத்ததுல வாங்க."

கேட்டுக்கொண்டு நின்ற அம்மா சிரிப்பு தாங்காமல் அடுப்படிக்குள் ஓடினார். என் பகிடிக்கு அம்மா ஒருநாளும் அப்படி ஓடியதில்லை.

இடம் இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு காற்றில் பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டில் கூரை பறந்துபோனது. "கொண்டுவாங்க, எடம் இருக்கு" என்று அவர்களுடைய ஆடுகள் அத்தனையையும் எங்கள் பட்டிக்குள் ஏற்றினார். ஏறிய ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய, பலகைச் சுவர் ஒரு பக்கமாக அப்படியே படுத்துவிட்டது. விடியக்காலையில் எல்லா ஆடுகளும் அம்மாவின் போஞ்சிப் பாத்தியில் நின்றன. சின்னவயதில் ஒருமுறை படலையைத் திறந்துபோட்டுப் போனதற்கு அப்பா இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார். அந்த அப்பா இடிந்த சுவரைப் பார்த்து, "மாப்பிளைக்கு எரக்க கொணம் கூட" என்றார். நான் சுத்தியலைத் தேடிக்கொண்டு போனேன். ஆணி அடித்தவனும் நான்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ரோசி விசயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரோசி என் மாடு. அதை ஈன்றதும் தாய்மாடு செத்துப்போனது. நான்தான் வெறும் சாராயப் போத்தலில் ரப்பர் சூப்பி மாட்டி அதற்குப் பால் கொடுத்து வளர்த்தேன். வெறும் போத்தல் கேட்டு நான் கடைக்கடையாக ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு, தம்பி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அக்காவுக்கு யாரோ போன் பண்ணினார்கள். ரோசிக்காகக் கெட்ட பெயரும் வாங்கினேன். அது வளர்ந்து முதல் கன்று போடுகிற நேரம் பார்த்து எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ரோசியின் முதல் பாலை நான் கறப்பதுபோலக் கனவு கண்டேன். தேறி வந்து நேரே பட்டிக்குத்தான் போனேன். ரோசி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. கீழே உட்கார்ந்து கண்டக்டர் கறந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் மூக்கால் பாடிக்கொண்டிருந்தது. இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட.

"வாங்க மச்சான். ரோசி, இந்தா யாரு வந்திருக்கா பாரு" என்றார்.

ரோசி பார்க்கவில்லை. டெங்குவில் விழாத கண்ணீர் எனக்கு அன்றைக்கு விழுந்தது. காய்ச்சல் மிச்சம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து ரோசியை அவரைத் தவிர வேறு யாரும் கறக்க முடியாமல் போனது. நான் உட்கார்ந்தால் அது பாலை அடக்கிக்கொள்ளும். நான் குளிப்பாட்டினேன், உண்ணி எடுத்தேன், ஓடைக்கரையில் வெட்டிய நல்ல பச்சையை ஒளித்துவைத்து அதற்கு மட்டும் போட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பாலை அவருக்குக் கொடுத்தது.

போன பங்குனியில் என் பிரார்த்தனை பலித்தது. கலேவெலப் பக்கம் புது பஸ் விட்ட ஒரு முதலாளி கண்டக்டரைக் கூப்பிட்டார். அக்காவும் அவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா அழுதார். அப்பா ரோட்டு வளைவு வரைக்கும் போய் நின்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் நீலச் சட்டை ஒன்றைப் பட்டி ஆணியில் மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கண்டும் காணாததுபோல் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை வாளியோடு ரோசியிடம் போனேன். ஒரு சொட்டு இல்லை. சாயங்காலமும் இல்லை. கன்று பெரிதாகித் தனியே மேயப் போய்விட்டதால் அதை விட்டுச் சுரக்கவைக்கவும் வழியில்லை. மடி கல்லாக இறுகிக்கொண்டு வந்தது. அக்காவுக்குச் சொல்லி, கண்டக்டர் குரலை வட்ஸ்அப்பில் பதிந்து அனுப்பச் சொன்னேன். போனை ரோசியின் காதருகே பிடித்தேன். "எடம் இருக்கு" என்று போன் சொன்னது. ரோசி அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது, ஆளைக் காணவில்லை என்றதும் வாளியை உதைத்தது. இரண்டாவது உதை எனக்கு.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வெயில்ல நல்லா கறக்குற மாட்டுக்கே புல்லு இல்ல. இத வச்சி என்னடா செய்ய? மடியும் கெட்டுப்போகும். யாவாரிய வரச் சொல்லிட்டேன்."

"கொஞ்ச நாள் பாப்போமேப்பா."

"நாளைக்கி காலையில கறந்து காட்டு. இல்லாட்டி ஏத்தி விட்டுருவேன்."

யட்டவத்தப் பக்கத்து மாட்டு வியாபாரியின் லொறியில் ஏறிய மாடு எங்கே இறங்கும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. போத்தல் சூப்பியை இழுத்துக்கொண்டு ஓடுகிற சின்ன ரோசிதான் அன்று இராத்திரி முழுக்கக் கண்ணில் நின்றது. ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் வாசத்தோடு ஆணியில் தொங்குகிற சட்டை. செத்தாலும் அதைப் போடக்கூடாது என்றிருந்தவன், விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"அம்மா, அந்தச் சட்ட எங்க?"

"தொவச்சி மடிச்சி வச்சிருக்கேன். மருமகனுக்குக் குடுத்தனுப்பணும்ல."

போட்டுப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் இரண்டு பேருக்கு இடமிருந்தது. சவர்க்கார வாசம்தான் அடித்தது. அதற்குள் லொறி வந்து நின்றது. வியாபாரி இறங்கிப் பட்டி வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டாரும் வேலிக்கு வந்துவிட்டார்கள். ரோசி என் சட்டையை முகர்ந்தது. நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தம்பி எந்த பஸ்ஸுக்குப் போறாரு?" என்று வியாபாரி கேட்டார்.

தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். "முன்னுக்கு போங்க" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"மூக்கால சொல்லுடா" என்றார் அப்பா.

"கடேசியில இழுக்கணும். மருமகன் இழுப்பாருல்ல" என்று அம்மா அடுப்படி வாசலிலிருந்து சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டு வருசம் வயிறெரியக் கேட்ட வசனம், ஒரு எழுத்து மறக்கவில்லை. மூச்சை இழுத்து மூக்கால் எடுத்தேன். இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட. முன்னுக்கு போங்க, முன்னுக்கு போங்க. உள்ளுக்கு எடம் இருக்கு. வாசல்ல நிக்காதீங்கம்மா. வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினேன். ரோசியின் ஒரு காது தொங்கியது. பிறகு மற்றக் காது. நான் கத்திக்கொண்டே கீழே உட்கார்ந்து காம்பைத் தொட்டேன். வாளியில் பால் சர்ரென்று விழுந்தது.

வாய் நின்றால் பாலும் நின்றது. அதனால் வாளி நிரம்பும் வரைக்கும் கத்தினேன். வியாபாரி அந்தப் பாலிலேயே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வெறும் லொறியோடு போனார். ரோசி தப்பியது என்ற சந்தோசத்தில் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். இவ்வளவும் செய்து அது பால் கொடுத்தது எனக்கில்லை, அந்த மனிதனுக்குத்தான் என்று நினைக்க, அதே கையால் வாளியை விசிறி அடிக்கலாம் போலவும் இருந்தது.

இப்போதும் தினமும் இரண்டு நேரம் அந்தச் சட்டையைப் போடுகிறேன். துவைக்க விடுவதில்லை. நான் கத்த ஆரம்பித்ததும் அப்பா எங்கிருந்தாலும் பட்டிப் பக்கம் வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவும் அடுப்படி வாசலுக்கு வருவார். முடிந்ததும் இருவரும் தங்கள் வேலைக்குத் திரும்பிப் போவார்கள். வீடு பெரிதாகிவிட்டது. தயிரில் ஏடு முழுவதும் எனக்குத்தான் வருகிறது. பாதியைப் பூனைக்கு வைக்கிறேன்.

போன கிழமை கண்டக்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"ரோசி பால் குடுக்குதா மச்சான்?"

"என்னயக் கண்டாலே குடுக்குது" என்றேன். எதிர்க்கட்சிக்காரன் வேறு என்ன சொல்வான்.

"அப்ப சரி. ஒங்க மாடுதானே." பிறகு குரலைத் தணித்தார். "ஆவணி லீவுக்கு வரலாமான்னு அக்கா கேக்குறா. அப்பயும் வெயில், புல்லில்லாத நேரம், ஒங்களுக்கும் கஷ்டம். வீட்டுல எடம் இருக்குமா?"

யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். பின்னால் பட்டியில் ரோசி ஒருமுறை கத்தியது. நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சொன்னேன்.

"முன்னுக்கு வாங்க மச்சான், முன்னுக்கு வாங்க. உள்ளுக்கு எடம் இருக்கு."