மாப்பிள்ளையைக் கிளப்ப 13.6

இயேசு மரி சூசை துணை
காரைக்குடி

மரியாதைக்குரிய சம்பந்தி ஜோசப் ராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் பிலவேந்திரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் மகன் அந்தோணி பிரபுவும் சுகம். அவர் சற்றுக் கூடுதல் சுகம். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் எழுதக் காரணம், என் போன் எந்நேரமும் மாப்பிள்ளை கையில்தான் இருக்கிறது.

மகள் மரிய அனிதா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதும், ஈஸ்டருக்கு ஒரு வாரம் தங்குகிறேன் என்று லேப்டாப்போடு வந்தவர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போதும் இங்கேயே இருக்கிறார், வீட்டில் நாங்கள் இரண்டே பேர், நான் நடுவில் நாற்காலியில், அவர் என்னைச் சுற்றிச் சுற்றிப் போன் பேசிக்கொண்டு, அச்சு அசல் ஹைட்ரஜன் அணு. அதிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்ப 13.6 எலக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும், அதுவும் ஒரே ஒளித்துகளில். சின்னச் சின்னதாக ஆயிரம் விழுந்தாலும் அசையாது. நானும் எட்டு மாதமாகச் சாடைமாடையாக ஆயிரம் சொல்லிவிட்டேன். "மாடியில காத்து நல்லா வருது மாப்ள" என்றது மட்டும், எலக்ட்ரானை வெளியே தள்ளாமல் ஒரு படி மேலே மட்டும் ஏற்றும் 10.2 ஆகக் கச்சிதமாக விழுந்துவிட்டது போல, பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போனார். மேலே ஏறிய எலக்ட்ரான் அங்கே நிலைக்காது, வாங்கிய ஒளியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கும் என்று முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவன் நான். மீன் குழம்பு கொதித்ததும் இறங்கி வந்து, "ஏன் மாமா இங்குட்டுப் புழுங்கிக்கிட்டு இருக்கீக, மாடியில காத்து நல்லா வருது" என்று எனக்கே கொடுத்தார்.

நேராகச் சொல்லிவிடலாமென்றால், மாப்பிள்ளையைப் பார்த்து 'போங்க' என்று சொல்லும் வழக்கம் நம்மில் உண்டா? "போயிட்டு வாங்க" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, பரோட்டாவோடு வந்தார். ஆகவே, தங்களுக்கு நெஞ்சு வலி என்று ஒரே போடாகப் போட்டு அழைத்துக்கொள்ளவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டார் அனைவருக்கும் மாதாவின் ஆசீர் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பிலவேந்திரன்

பி.கு.: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நான் ஸ்டாம்பு வாங்கப் போன நேரத்தில் மாப்பிள்ளை படித்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றார், பையை எடுத்தார், குழம்பைக்கூடத் தொடவில்லை. தேவைக்கு மேல் விழுந்த சக்தி ஓட்டமாக மாறும். தங்கள் ஊருக்கு வரும் தேவகோட்டை பஸ்ஸை ஓடியே பிடித்துவிட்டார். நாலு நாளாகிறது. போன் என் கையில்தான் இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் ஒன்றே ஒன்று, அதுவும் போய்விட்டால் மிச்சத்துக்கு அணு என்றே பெயர் கிடையாது என்பதை, பரீட்சைக்கு வராது என்று இத்தனை வருஷமும் வேகமாகத் தாண்டிவிட்டேன். நான் அன்றைக்குச் சொன்னது 'போயிட்டு வாங்க' என்றுதான் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவும்.