காயில் பத்திரம்

"என்னங்க, தண்ணி சமையல்கட்டுக்குள்ள வந்துருச்சு. நீங்க இன்னும் அந்தத் தட்டை வச்சு ரோட்டைத் தடவிக்கிட்டே இருக்கீங்களே!"

வாசலில் நின்று கத்தினாள் வால்வுக்காரரின் மனைவி. ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுவதும் மூடுவதும் வால்வுக்காரர் வேலை. அப்படிப்பட்டவரின் சொந்தத் தெருவில், சொந்த வீட்டுக்கு எதிரிலேயே, விடிந்ததும் விடியாததுமாகக் குழாய் வெடித்திருந்தது. ஒரு மனிதனின் மானத்தை வாங்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வால்வை மூடினால் தண்ணீர் நிற்கும். ஆனால் வால்வைக் காணவில்லை. போன மாதம் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டவர்கள் வால்வின் இரும்பு மூடியையும் சேர்த்துப் பூசி மெழுகிவிட்டுப் போயிருந்தார்கள். அவரிடம் இருந்த ஒரே அடையாளம் மாடிவீட்டுக்காரரின் கார். பல வருஷமாக ஓடாத கார் என்பதால், அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வால்வு என்று நம்பிக்கையாக மனதில் குறித்து வைத்திருந்தார். அதையும் அந்த மனிதர் விற்றுத் தொலைத்துவிட்டார்.

அதனால்தான் இந்த மெட்டல் டிடெக்டர். நீண்ட கம்பு, மேலே ஒரு பெட்டி, கீழ்முனையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்குக் காயில் என்று பெயர். கீழே இரும்பு இருந்தால் பெட்டி கத்தும்; காயில் சரியில்லை என்றால் காரணமில்லாமலும் கத்தும். பழைய காயிலை ரோட்டில் தேய்த்துத் தேய்த்தே கம்பி வெளியே வந்து, அது செத்துப் போனது. புதுக் காயில் வந்து இறங்கிய அன்று ஆபீஸ் இன்ஜினியர் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, "ஒரு கீறல் விழட்டும், எடுத்துட்டுப் போனவனுக்கு அன்னைக்கே சீட்டு கிழிஞ்சுது" என்று சொல்லியிருந்தார்.

ஆபீஸ் சாமான்களுக்குக் காவலான ஸ்டோர்க்காரர் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். அவர் கையிலிருந்து ஒரு ஆணி வாங்குவதே பெரும்பாடு. இன்று காலை டிடெக்டரைக் கொடுக்கும்போது அவர் அழாத குறை.

"அடியில கவர் போட்டிருக்கேன். சுத்தி டேப் ஒட்டியிருக்கேன். எதையும் பிரிக்கக் கூடாது. தரையில படவும் கூடாது."

"தரையில படாம எப்படிண்ணே தேடறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

கையில் வாங்கினால் பூப்போல இருந்தது. பழசு தோளைப் பிடுங்கி எடுத்துவிடும். புதுசு புதுசுதான் என்று வால்வுக்காரர் சந்தோஷப்பட்டார். அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தெருவுக்கு வந்து, கடப்பாரை மேல் காட்டிப் பார்த்தார். கத்தியது. சரி, வேலை செய்கிறது என்று ரோட்டில் இறங்கினார். அங்கேயும் கத்தியது. நடந்தால் கத்தியது, நின்றால் கத்தியது.

"அங்கதான் அங்கதான், வெட்டுங்க!" என்றார் மாடிவீட்டுக்காரர், பால்கனியில் காபியும் கையுமாக.

வெட்டினார். தார் பெயர்ந்தது, ஜல்லி வந்தது, மண் வந்தது. மூடி வரவில்லை.

"கவருக்குள்ள மண்ணு பூந்திருக்கும். மண்ணுல இரும்புத்தூள் இருந்தா சும்மா சும்மா கத்தும். பிரிச்சுத் தட்டுங்க" என்றார் பால்கனி.

"பிரிக்கக் கூடாதாம்."

"அப்ப மேற்கொண்டு மண்ணு போகாம வெளியில ஒண்ணு கட்டுங்க."

யோசனை சொல்பவருக்கு என்ன, நனைவது இவர்தானே. வால்வுக்காரர் உள்ளே போய்த் தண்ணீர் டிரம்மின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவந்து, வட்டத்துக்கு அடியில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"அது என் டிரம் மூடி!" என்றாள் மனைவி.

"டிரம்முல பிடிக்க வேண்டிய தண்ணி எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு. மூடி எதுக்கு?"

அவள் பார்த்த பார்வையில் அவர் குனிந்து கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

மூடி ரோட்டில் பட்டு லொடக் லொடக்கென்று அடித்தது. ஒவ்வொரு அடியும் காயிலின் மேலேயே விழுவது போல இருந்தது. மெத்தென்று இருக்கட்டும் என்று மூடிக்குக் கீழே தன் துண்டைச் சுற்றினார். துண்டு தண்ணீரைக் குடித்துக் கனத்தது. இப்போது தூக்கவே முடியவில்லை, இழுக்கத்தான் முடிந்தது. பெட்டி மட்டும் சளைக்காமல் கத்திக்கொண்டிருந்தது.

இருப்பதிலேயே சத்தம் அதிகமாகக் கேட்டது போலத் தோன்றிய இடத்தில் கடப்பாரையைப் போட்டார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதில் ஏதோ உடைந்து, முகத்தில் தண்ணீர் பீச்சி அடித்தது. அது அவர் வீட்டுக்குப் போகிற குழாய்.

"என்னங்க, கட்டிலுக்கு அடியில வந்துருச்சு!"

அவருக்கு அழுகை வந்தது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. இடுப்பு வலித்தது, கை மரத்துப் போயிருந்தது, தெருவே ஜன்னலில் நின்று அவரை வேடிக்கை பார்த்தது. ஆனது ஆகட்டும் என்று கம்பை இரண்டு கையாலும் பிடித்து, கோடியிலிருந்து கோடிவரை ஏர் ஓட்டுவது போல இழுத்தார். துண்டு அவிழ்ந்ததோ, மூடி தண்ணீரோடு மிதந்து போனதோ அவருக்குத் தெரியாது. தான் தோண்டிய பள்ளத்தின் ஜல்லி விளிம்பில் கரகரவென்று சத்தம் கேட்டபோதுதான் திருப்பிப் பார்த்தார்.

கவரின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையையே விட்டுப் பார்த்தார். உள்ளே சுருள் இல்லை, கம்பி இல்லை, ஒன்றுமே இல்லை. கீறல் விழக் கூடாது என்றார்கள். அவர் முழுக் காயிலையும் தேய்த்தே தீர்த்திருந்தார்.

"வேலை போச்சு" என்றார் மனைவியிடம்.

அவள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "போய் உண்மையைச் சொல்லிடுங்க. அவங்களா கண்டுபிடிச்சா இன்னும் மோசம்."

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்க்காரர் பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வால்வுக்காரர் டிடெக்டரை மேஜை மேல் ஓட்டை தெரிய வைத்தார்.

"அண்ணே, கால்ல விழறேன். நானும் டிரம் மூடி கட்டிப் பாத்தேன், துண்டு கட்டிப் பாத்தேன். எப்படின்னே தெரியலை. புதுக் காயில் முழுசும் தேஞ்சு போச்சு. ஒரு துண்டு கம்பிகூட மிச்சமில்லை. இன்ஜினியர்கிட்ட நீங்கதான் ஒரு வார்த்தை நல்லவிதமா சொல்லணும்."

ஸ்டோர்க்காரர் டிடெக்டரைத் தூக்கி, ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். வால்வுக்காரருக்குத் தெரிந்து அந்த முகம் சிரித்தது அன்றுதான். அவர் பீரோவின் கதவை அன்போடு ஒரு தட்டு தட்டினார்.

"பாத்தீங்களா, உங்ககிட்ட கொடுத்தா இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சுதான் காயிலைக் கழட்டி இதுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, வெறும் கவரை மாட்டிக் கொடுத்தேன்!"