உப்பு ஒட்டிய கொடி

2006 ஜனவரி 16, திங்கட்கிழமை, காணும் பொங்கல். காலை ஏழு மணி பத்து நிமிடம். மரக்காணத்தில் கடும் பனி. பதினைந்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காற்று அறவே இல்லை. கொடியேற்ற இதைவிட மோசமான வேளை தேடினாலும் கிடைக்காது. அந்த வேளையைக் குறித்தவன் நான். கொடியைச் செய்தவனும் நான்தான்.

எங்கள் நகரில் நாற்பத்து மூன்று வீடுகள். (நானே எண்ணியது, இரண்டு முறை.) பத்திரத்தில் 'உப்பளம் நகர்' என்று அழகான பெயர். ஆனால் மினி பஸ் கண்டக்டருக்கு அது 'கக்கூஸ் ஸ்டாப்'. பொதுக் கழிப்பறை ஒன்று முன்பு அங்கே இருந்ததாம். அதை இடித்து ஆறு வருஷமாகியும் பெயர் மட்டும் இடியவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்த ஏழு பேர் அந்த ஸ்டாப்பில் இறங்கி, வீடு வரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். நாற்றம் எதுவும் இல்லை. பெயருக்கே பொத்தினார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

பெயரை மாற்றாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். பேரூராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். மூன்று முறை.

"நகருக்குன்னு ஒரு கொடி ரெடி பண்ணுங்க சார்," என்றார் அவர். "நான் வந்து ஏத்திட்டு மைக்ல பேரைச் சொல்றேன். கண்டக்டரையும் முன்னால நிக்க வைங்க. அன்னையிலேருந்து அதான் பேரு."

கொடி என்றால் நிறம் வேண்டும். நம் நாட்டில் எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் வைத்தாலும் ஒரு கட்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பதினோரு படங்கள் வரைந்தேன். பதினொன்றையும் பார்த்து, "இது அவங்களோடது, இது இவங்களோடது" என்று தெருக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். பச்சை மட்டும் வைத்த படத்துக்கு, "கூனிமேட்டுத் தர்காவுக்குக் குடுத்துடுங்க" என்றார்கள்.

பன்னிரண்டாவதாக அந்த யோசனை உதித்தது. நீலத் துணி. நடுவில் ஒரு உப்புக் குவியல். சாயத்தில் வரைந்தால்தானே கட்சி? நிஜ உப்பையே மைதாப் பசை போட்டு ஒட்டிவிட்டால்? உப்புக்குக் கட்சி கிடையாது.

நான் ஓய்வு பெற்ற சர்வேயர். முப்பத்து மூன்று வருஷத்தில் இந்த ஊர் உப்பளங்களை அங்குலம் அங்குலமாக அளந்தவன். உப்பைக் கையால் தொட்டது என்னவோ சாப்பாட்டு வேளையில் மட்டும்தான். அதனால் கடைசி வீட்டு முனியம்மாவிடம் ஒரு படி உப்பு கேட்டேன். இருபது வருஷமாக உப்பளத்தில் கூடை சுமப்பவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், குவிச்சு வச்ச உப்புக்கே ஓலை போட்டு மூடறோம். நீங்க பனி மாசத்துல கொடியில ஒட்டறேன்றீங்க. ஒழுகிடும் சார்."

"அளவாத்தான் ஒட்டப் போறேன் முனியம்மா."

"அளவுக்கு ஒழுகும்," என்றார். உப்பைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

என் மனைவி சரோஜாவும் பசை காய்ச்சிக்கொண்டே, "அந்தம்மா சொல்றதைக் கேட்கக் கூடாதா?" என்றாள். படித்தவன் நானா, முனியம்மாவா? கேட்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் கொடிக்குள் சாமந்தி இதழ்கள் வைத்துச் சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டினேன். இரவெல்லாம் பனி பெய்தது. நான்கு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். நான்காம் முறை பார்த்தபோது கம்பத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பனித்துளிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். கண்டக்டர் முன்வரிசையில் நின்றார். தலைவர் கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது, கொடி விரியவில்லை. பசை ஊறி, சுருட்டின துணி சுருட்டினபடியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா," என்றேன்.

பலமாக இழுத்தார். மொத்தமும் அறுந்து, தலைவரின் வெள்ளைச் சட்டைத் தோளில் பட்டுத் தரையில் தொப்பென்று விழுந்தது. பிழியாத வேட்டி மாதிரி கிடந்தது. உப்பு ஒரு கல் கூட மிச்சமில்லை. எல்லாம் தண்ணீர்.

நான் குனிவதற்குள் முனியம்மாவின் பசு வந்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசின சிவப்பு கூடக் காயவில்லை. மைதா, உப்பு, சாமந்திப்பூ. மாட்டின் கணக்கில் அது கொடியில்லை, இலை போட்டுப் பரிமாறின விருந்து. ஒரு முனையை வாயில் கவ்வியது. மறுமுனையை நான் பிடித்தேன். என் மகளின் கல்யாணமே அந்தத் துணியில் இருப்பதாக எனக்கு நினைப்பு. ஒன்பது அடி தூரம் என்னை இழுத்துக்கொண்டு போனது.

"விடுங்க சார்," என்றார் தலைவர், தோளைத் துடைத்தபடி. "அது ஜெயிச்சிடுச்சு."

மைக்கில் பெயர் சொல்லவே இல்லை. யாருக்கும் நினைவில்லை. எல்லாரும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மீட்டர் துணியும் உள்ளே போய்விட்டது.

முனியம்மா அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. "இது பால்லதான் சார் எங்க வீடு ஓடுது," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தேன். இரண்டு நாள் அந்தப் பசுவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது எத்தனை முறை அசை போடுகிறது என்று எண்ணினேன். மூன்றாம் நாள் விடியற்காலை முனியம்மா வந்து கதவைத் தட்டினார்.

"சார், ஏறாத கொடி எறங்கிடுச்சு. மாடு தவிடு தின்னுது."

அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் கண்டக்டர், "மாட்டுக்கொடி ஸ்டாப்லாம் எறங்கு" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான்கு வாரம் கழித்துத்தான் உறைத்தது, 'கக்கூஸ்' போய்விட்டது. அந்த வருஷ ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்தவில்லை. இறங்கும்போதே, "இங்க மாடு எங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு எண்பது வயது ஆகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒரு யோசனை சொன்னால், "முதல்ல மாட்டுக்குக் காட்டு" என்பாள் சரோஜா.

துணி, தையல், மைதா, பூ, தலைவரின் சட்டைச் சலவை, மாட்டு டாக்டர், தவிடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய். உப்பு மட்டும் ஓசி.