அக்காவா, தங்கச்சியா?

இல்லை அக்கா, பொறாமையெல்லாம் இல்லை. போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அப்போதே சொல்லியிருப்பேன். போனில் பேசினால் நீ முந்திவிடுவாய். கடிதத்தில் யாரும் யாரையும் முந்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நான், அவர், வண்டி, கடையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிகள் எல்லோரும் உடையாமல் இருக்கிறோம். அங்கு நீயும் அத்தானும் ஐஸ் கட்டிகளும் உருகாமல் இருக்க விரும்புகிறேன்.

நிற்க. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் கடைசி வளைவில் என் வண்டிதான் ஞாபகம் வருகிறது. அங்கே அது செய்வது அதைத்தான்.

மேட்டு உச்சியில் இருக்கும் புது விடுதியில் அறைக்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி மாட்டும் வேலை எங்களுக்கு வந்திருப்பது உனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் தினமும் ஐஸ் இறக்குகிறாய். கண்ணாடிப் பாரத்தோடு அந்த வளைவில் என் வண்டிக்கு மூச்சு வாங்கும். முதல் கியர். அதற்குக் கீழே கியர் கிடையாது. அவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார், நான் மிதிப்பேன், ஒரு முழம் நகரும், மறுபடி கல் வைப்பார். விடுதி மேலாளர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, இப்படியே போனால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பணிவாகச் சொன்னார். பணிவாகச் சொல்பவர்கள் செய்துவிடுவார்கள். இந்த வேலை போனால் கடையில் எங்கள் முகத்தை நாங்களேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நீ வந்தாய்.

அதே வெள்ளை. அதே மாடல். அப்பா நம் இருவருக்கும் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்த சரக்கு வண்டிகள். உன் சட்டை, உன் பை, உன் சைக்கிள் என்று எல்லாமே உனக்குச் சின்னதான பிறகுதான் எனக்கு வந்தன. இந்த வண்டி ஒன்றுதான் எனக்கும் புதிதாக வந்தது. நீ அதற்கும் பெரிய டர்போ போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாய். ஐஸ் உருகும், சீக்கிரம் போக வேண்டும், நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல். கரும்புகை ஒரு பக்கம், ஐஸ் தண்ணீர் ஒரு பக்கம். வெயிலில் நான் வைப்பர் போட்டேன். "என்னடி, வீட்டுக்காரரை நடக்க விட்டுட்டியா?" என்று கேட்டு இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனாய். அவர் உனக்கு வணக்கம் வைத்தார். கையில் கல்லோடு.

அன்றிலிருந்து அவர் வாயில் உன் வண்டிதான். இழுவை என்றால் அது இழுவை என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். குழம்பு எப்படி என்று நான் கேட்டதற்கும் அதையே சொன்னார்.

இனி வருவதைப் பொறுமையாகப் படி. இரண்டு நாள் கழித்து, நான் உள்ளறையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வெட்டும் மேசையில், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி, யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி வேணாம்ண்ணே. எனக்கு அக்காதான் வேணும்."

துணி என் கையிலேயே நின்றது.

"சூடு கொஞ்சம் ஜாஸ்தின்னு எல்லாரும்தான் சொல்றாங்க. பழகிக்கலாம். இல்லண்ணே, அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா குதிப்பா. வீட்டுக்கு வந்தப்புறம் தெரிஞ்சுக்கட்டும்."

எதிரில் சாய்த்திருந்த கண்ணாடிகள் அத்தனையிலும் என் முகம் ஒரே நேரத்தில் மாறியது. ஒரு முகம் மாறுவதைத் தாங்கிக்கொள்ளலாம். கூட்டமாக மாறினால் பயமாக இருக்கிறது. பிறகு அந்த முகங்களில் உன் மூக்கைத் தேடினேன். உனக்குக் கொஞ்சம் கூர். எனக்கு அப்பாவுடையது.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் "ம்" மட்டும் சொன்னேன். பல்வலியா என்று கேட்டார். "ம்" என்றேன். மருந்து வாங்கி வந்தார். வலிக்காத பல்லில் அதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் போன் செய்து கேட்கலாமா என்று தோன்றியது. என்ன கேட்பது? அப்போதுதான் நீயே கூப்பிட்டு, மேட்டில் முந்தியதற்குக் கோபமா, பொறாமையா என்று சிரித்தாய். நான் பாதியில் போனை வைத்ததற்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

மறுநாள் அவர் பட்டறைக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். நம் இருவர் வண்டியையும் பார்க்கும் அதே கிரீஸ் அண்ணன் பட்டறைதான். பலகையில் இரண்டு லாரி டிரைவர்கள் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். கிரீஸ் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா? அக்காவா, தங்கச்சியா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"அத அவருகிட்டயே கேளுங்க. கட்டினது ஒண்ணு, கண்ணு இன்னொண்ணு" என்றேன்.

ஒரு டிரைவருக்கு டீ மூக்கில் ஏறியது. அவர், நம்மவர், ஒன்றும் புரியாமல் அக்காதான் நல்லது என்று என்னிடமே சிபாரிசு செய்தார். நான் அழ ஆரம்பித்தேன். கிரீஸ் அண்ணன் வெளியே ஊர்ந்து வந்தார், கையைத் துடைத்தார், அலமாரியிலிருந்து துணி சுற்றிய இரண்டு இரும்புச் சாமான்களை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டும் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

"இதும்மா அக்கா. இது தங்கச்சி."

உன் வண்டிக்குப் போட்ட அளவைப் பட்டறையில் 'அக்கா வண்டி டர்போ' என்று சொல்லப்போய் அது வெறும் அக்காவாகிவிட்டதாம். அக்கா வந்த பிறகு சின்னது தானாகவே தங்கச்சி. இப்போது டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் இருக்கும்போதே ஒருவர் வந்து, தங்கச்சி ரொம்ப நாள் உழைக்குமா, இல்லை வெறும் சத்தம்தானா என்று விசாரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று போனில் நம்மவர் பேசியது கிரீஸ் அண்ணனிடம்தானாம்; நான் கூடவே வந்ததும் எனக்கும் சொல்லியாயிற்று என்று நினைத்துவிட்டாராம். நம்மவருக்கு விஷயம் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ என்னன்னு நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கல. பல்வலி."

டர்போ எப்படி வேலை செய்கிறது என்று கிரீஸ் அண்ணன் சொன்னார். எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றி வெளிக்காற்றை உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் பலம் கூடும். வயிற்றெரிச்சலிலேயே மேடு ஏறுகிற சாமான் என்று புரிந்துகொண்டேன். கல்லூரியில் இத்தனை படித்தும் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பெரியது பலசாலி. ஆனால் அதைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும், அதுவரை தூங்கும், எழுந்ததும் உதைக்கும். சின்னது கொஞ்சம் புகையிலேயே விழித்துக்கொள்ளும். உதை இல்லை, தள்ளல்தான். கண்ணாடிக்கு உதை ஆகாது, இது எனக்கே தெரியும். தெரிந்தும் என் கை பெரியதன் மேல்தான் இருந்தது. இரும்பு குளிர்ந்திருந்தது. அதை மாட்டினால் நீயும் நானும் சமம்.

எதற்கு அக்காவைக் கேட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அந்த வளைவுல உங்க அக்கா வண்டி தாண்டுறப்ப உன் மூஞ்சிய நான் பாத்திருக்கேன். கல்லு வைக்கிறப்ப அதத்தான் பாக்கிறேன். ஒரு தடவையாவது நீ தாண்டணும்னுதான்."

டிரைவர்கள் டீக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பெரியதிலிருந்து கையை எடுத்தேன். தங்கச்சியையே போடுங்கள் என்றேன். என் வீட்டுக்கு அக்கா வேண்டாம் என்றும் சொன்னேன், அது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

போட்டாயிற்று. வண்டி இப்போது அந்த வளைவில் இரண்டாவது கியரில் ஏறுகிறது. அவர் உள்ளேயே உட்கார்ந்து வருகிறார். மடியில் இன்னும் கல் வைத்திருக்கிறார், பழக்கம். மேலாளர் புன்னகைக்கிறார். இன்னும் ஒரு நடை கண்ணாடிதான் பாக்கி. அவரவர் பாரத்துக்கு அவரவர் டர்போ என்று தெளிந்துவிட்டேன். உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம், உன்னை முந்தவும் வேண்டாம். இதை மனமாரத்தான் எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வண்டி நீண்ட நாள் ஓடட்டும். உன் ஐஸ் கடைசிக் கட்டிவரை கட்டியாகவே போய்ச் சேரட்டும். கிளட்சைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பொறாமையில்லாத
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கிரீஸ் அண்ணன் போன் செய்தார். தங்கச்சி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக என்றேன். "ஓடாம என்னம்மா, உங்க அக்கா வண்டியில ஒரு மாசம் ஓடினதுதான். பத்தலன்னு கழட்டிப்போட்டாங்க. நல்ல கைல இருந்த சாமான்" என்றார். சட்டை, பை, சைக்கிள், இது.

கடைசி நடையை இறக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போய் அதைக் கழற்றி எறியச் சொல்வதாகக் கிளம்பினேன். அவர் கல்லை எடுத்துக்கொண்டு ஏறினார். வளைவுக்கு முன்னால் உன் வண்டி. குறுக்கே ஒரு மாடோ மனிதனோ, நீ வேகத்தைக் குறைத்தாய். உன் டர்போ தூங்கிவிட்டது. நீ மிதிக்கிறாய், புகை வருகிறது, வண்டி வரவில்லை. என்னுடையது, அதாவது உன்னுடையது, விழித்துத்தான் இருந்தது.

ஆமாம், இரண்டு ஹாரன் அடித்தது நான்தான்.

பின்பக்கம் பார்த்துக் கட்டியிருந்த கண்ணாடியின் போர்வை வழியில் நழுவியிருந்தது. அதனால் உச்சிவரை நீ உன்னையே பார்த்துக்கொண்டு வந்திருப்பாய். முகம் எப்படி இருந்தது என்று பதில் எழுது.

திரும்பும் வழியில் பட்டறை வந்தது. நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் மடியிலிருந்த கல்லை வாங்கி வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, இதையும் எழுதி உறையை ஒட்டுகிறேன்.