மாரிச்செல்வி அடுக்கிய நான்கு அட்டைகள்

என்னை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பை ஒப்படைத்தவர்களைத்தான் முதலில் திட்ட வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பு மாரிச்செல்விக்கு வாசிக்க வராது. கேட்ட கேள்விக்குக் கோவையாகப் பதில் சொல்லவும் வராது. படங்களை வைத்தாவது யோசிக்கிறாளா என்று நான் சோதித்து எழுத வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவளைத் தூத்துக்குடியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அம்மா வாசலில் கலங்கிப்போய் நின்றிருந்தார்.

மழை, விதைப்பு, பயிர், அறுவடை என்று நான்கு பட அட்டைகள். கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொன்னேன். சட்டென்று அடுக்கினாள். முதலில் விதைப்பு, அடுத்து மழை.

"ஏன் இப்படி வச்சே?" என்றேன். அவள் விதைப்பு அட்டையை இன்னும் நேராக்கி வைத்தாள்.

என் கையேட்டில் மழைதான் முதலில். (நான் டவுன்காரன். அப்பாவுக்கு சைக்கிள் கடை. பருத்தி செடியில் காய்க்கிறதா, மரத்தில் காய்க்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.) சிவப்புப் பேனாவால் தப்புப் போட்டுவிட்டுத் தலைமையாசிரியரிடம் கம்பீரமாகச் சொன்னேன்: "படம் பார்த்து யோசிக்கிறதும் குறைவுதான் சார்."

மாரிச்செல்வியின் அம்மா உள்ளே வந்து அட்டைகளை எட்டிப் பார்த்தார். "இதுல என்ன தப்பு சார்?"

"மழை பெய்யாம எப்படிம்மா விதைப்பாங்க?"

"என்ன சார் சொல்லுதீங்க? இங்கன மானாவாரில்லா, வானம் பாத்த பூமி! மழைக்கு முந்தியே புழுதியில விதைச்சிருவோம். பேஞ்சப்புறம் சேறாப்போற கரிசல்ல கால வைக்க முடியுமா? போன வாரம் இவளும்லா எங்கூட விதைச்சா!"

சன்னலில் தொங்கிய பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாரிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் அறிக்கைத் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தாள். வெடித்த நிலம், புழுதிக்குள் விதை, தூரத்தில் ஒரு மேகம். நான் கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அதுதான் பதில். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தப் படத்தையே இணைத்து அறிக்கையைப் புதிதாக எழுதினேன். அவள் அதே பள்ளியில் இருந்தாள். பாடங்களைப் படமாக வரைந்து படித்தாள்.

இன்றும் நான் வீட்டில் எதையாவது அடித்துப் பேசினால், என் மனைவி விருந்தாளிகளிடம், "இவிய மழை பேஞ்சப்புறம் விதைக்கிற ஆளு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் மாரிச்செல்விக்கு முந்திச் சோதித்த மூன்று பிள்ளைகளும் அதே அட்டைகளில் விதைப்பைத்தான் முதலில் வைத்தார்கள்; அவர்களுக்கும் தப்புப் போட்டிருந்தேன். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுடைய அம்மாக்கள் தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.